தன் கதையை மட்டும் சொன்னவர்

மதியச் சாப்பாட்டு மணி அடித்து, டிபன் டப்பாவைத் திறந்து, பக்கத்தில் இருந்த விஜயாவின் கத்தரிக்காய்க்கு நான் கை நீட்டிய நேரத்தில் போன் வந்தது. ரோஸ்லின் அக்காவின் கணவர் மாணிக்கம் அண்ணன். இருபது வருடத்துக்கு மேலான பழக்கத்தில் அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டில் போன் செய்வது, பேசுவது, ஊருக்குச் சேதி சொல்வது எல்லாம் அக்காவின் இலாகா. அதனால் அவர் குரலைக் கேட்டதுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. "ரோசு போய்ட்டா, சாந்தி. கொஞ்சம் எல்லாருக்கும் சொல்லிடு" என்றார். போனை வைத்துவிட்டார்.

எல்லாருக்கும் சொல்லும் வேலை, வாயைத் திறக்காதவள் என்று கம்பெனி முழுக்கப் பெயர் வாங்கிய என்னிடம் வந்து சேர்ந்தது. முடிந்திருந்தால் ரோஸ்லின் அக்கா தன் சாவையும் தானே சொல்லியிருப்பார். எத்தனை மணிக்கு வியர்த்தது, எந்தப் பக்கம் வலித்தது, டாக்டர் எப்படி முகத்தை வைத்துக்கொண்டார் என்பதுவரை ஒன்று விடாமல் சொல்லியிருப்பார். போன வருடம் எடுத்த இசிஜி தாளைப் படம் பிடித்து நம் பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "இதுல மேல போற கோடெல்லாம் நல்லதாம், கீழ வர்றதுதான் பேஜாராம்" என்று விளக்கமும் எழுதியவர்தானே. அன்று நான் டைனிங் ஹாலில் எழுந்து நின்று, "ரோஸ்லின் அக்கா போய்ட்டாங்க" என்றேன். அதற்கு மேல் சேர்க்க எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஆறாம் நம்பர் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களே, வருபவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கலாம் என்று முடிவு செய்து, லீவு லெட்டர் எழுதித் தருகிற பாவத்துக்காக இதையும் என் தலையில் கட்டிவிட்டீர்கள். அக்காவைத் தெரியாத யார் கையிலாவது இந்தப் புத்தகம் கிடைத்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. ரோஸ்லின் அக்கா ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தார். தைத்து வரும் ஷூவின் மேல்தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ உண்ணி கடித்த வடுவோ இருந்தால் சில்வர் பேனாவால் வட்டம் போடுவார். நான் இரண்டு வரிசை தள்ளி மெஷினில் தைப்பவள். வேலை நேரத்தில் எங்களுக்குள் பேச்சு கம்மி. எங்கள் உறவு முழுக்க பஸ்ஸில்தான், போக முக்கால் மணி, வர முக்கால் மணி.

முதல் நாள் நான் பஸ்ஸில் ஏறி முழித்துக்கொண்டு நின்றபோது கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, தன் மேல்வரிசையில் நான்கு பல் கட்டுப்பல் என்று சொன்னார். நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கழற்றியும் காட்டினார். "அப்பறமா தெரிஞ்சி நீ ஐயேன்னு ஆகக் கூடாது பாரு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் வீட்டில் தலைவலி என்றால்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்லிக்கொள்வோம். இந்தம்மா கொஞ்சம் கழன்ற கேஸ் போலிருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு புதுச் சேதி வந்தது. கர்ப்பப்பை எடுத்த கதையை டிரைவர் உட்பட எல்லாரும் கேட்டோம். மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு, கோபத்தில் எதிர்த்திசையில் போகிற ரயிலில் ஏறிக் காட்பாடிக்குப் பதில் ஜோலார்பேட்டையில் இறங்கி அழுத கதையையும் கேட்டோம். சர்ச்சில் பிரசங்கத்தின்போது தூங்கிப் போனவர், கூட்டம் முடிந்ததும் நேராகப் போதகரிடம் போய், "ஐயா, பாதியில தூங்கிட்டேன், மீதிய சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். போதகர் சிரித்தாரா கோபித்தாரா என்று நாம் கேட்டதற்கு, அவரும் பாதியில் மறந்துவிட்டார் என்று பதில் வந்தது. இப்படி ஒரு மனுஷிக்கு ரகசியம் என்று ஒன்றே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அக்கா லீவு போட்ட நாளில் பஸ் போய்ச் சேர நேரமானது போலத் தோன்றும். அதை யாரிடமும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

அந்த ஆடிட்டை நீங்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பித் தொழிலாளிகளை நேரில் விசாரிக்கப் போகிறார்கள் என்றதும் ஒரு வாரம் நமக்குப் பாடம் நடந்தது. எது கேட்டாலும் நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். நம் போதாத காலமோ கம்பெனியின் போதாத காலமோ, வந்தவர்கள் விரல் நீட்டியது ரோஸ்லின் அக்காவை. வசதியெல்லாம் எப்படி என்று கேட்டார்கள். பெண்கள் கழிவறையில் மூன்று தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தனக்கு மூலம் இருப்பதையும், குத்த வைத்து உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்பதையும் அவர் தொடர்ந்து விளக்கினார். மொழிபெயர்க்க வந்த அம்மா தயங்கியதைப் பார்த்து, எழுந்து பாதி உட்கார்ந்து நடித்தும் காட்டிவிட்டார். மேனேஜர் ரொம்ப நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வாரம் எல்லாக் கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள் வந்தது. மேல்நாட்டுக் கழிவறை ஒன்றும் வந்தது. அதற்கு ரோஸ்லின் சிம்மாசனம் என்று நாம் வைத்த பெயர் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் இடையில் ஒன்று நடந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னாயே, அது யார் யார், யார் உன்னைத் தூண்டிவிட்டது என்று சூப்பர்வைசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேட்டார். "என் மூலத்தப் பத்திக் கேளுங்க சார், எவ்ளோ வேணா சொல்றேன்" என்றாராம் அக்கா. ஒரு பெயர்கூட வெளியே வரவில்லை. நாம் எல்லாரும் மூலத்தைச் சொல்லிச் சிரித்தோமே தவிர, அந்தப் பெயர்கள் வராமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

அக்காவும் தப்பு செய்திருக்கிறார். அதை அடக்கத்துக்கு முன் வீட்டு வாசலில் பந்தலின் கீழே மாணிக்கம் அண்ணனே சொன்னார். அவர் டேனரியில் தோலுக்குச் சாயம் அடிக்கிற பகுதியில் இருந்தவர். கல்யாணமான புதிதில், ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகும் முன் மீசையில் நான்கு நரை தெரிகிறது என்று, தோலுக்கு அடிக்கிற கறுப்புச் சாயத்தைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து பூசியிருக்கிறார். மீசை கறுத்தது, கூடவே மேலுதடும் கறுத்தது. மாட்டுத்தோலில் பிடித்தால் விடாத சாயம் மனுஷத் தோலை மட்டும் விடுமா? இரண்டு வாரம் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரிந்தார். அக்கா அதை பஸ்ஸில் சொல்ல, பஸ்ஸிலிருந்து அது டேனரிக்குப் போய், பட்டப்பெயராகி, வீட்டு வாசல்வரை வந்துவிட்டது.

அண்ணன் பதினோரு நாள் அக்காவோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசியது இரண்டே வாக்கியம். "உன்னப் பத்தி நீ ஆயிரம் சொல்லு. என் மீச என்னுது." அக்கா அழுதுகொண்டே அடுத்த நாள் பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாகப் போய், அதை மறந்துவிடுங்கள் என்று கெஞ்சினாராம். கெஞ்சக் கெஞ்ச, விஷயம் தெரியாத நாலு பேருக்கும் தெரிந்துபோயிற்று. "அதோட சரி, அப்பறம் என்னப் பத்தி ஒரு வார்த்த வெளிய வரல" என்று சொல்லிவிட்டு அண்ணன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இனி என் கதை. இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது.

என் மகள் நித்யாவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது முதுகில், தோளுக்குக் கீழே, ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. உள்ளங்கை அளவு. என் கணவர் லாரியில் வெளியூர் போயிருந்தார். போனில் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, வேறு யாருக்கும் தெரியுமா என்பதுதான். அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. பெண்ணுக்கு வெண்புள்ளி என்றால் நம் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எங்கே சீட்டு எடுப்பது, எந்தக் கட்டடம் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த ஒரே ஆள் ரோஸ்லின் அக்காதான். வேறு வழியில்லாமல் அவரிடம் சொன்னேன். சொன்ன நிமிடமே, ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டது போல இருந்தது.

அக்கா லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இது ஒட்டாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, நிறம் மட்டும்தான் போயிருக்கிறது, மருந்து போட்டுப் பார்க்கலாம். திரும்பும்போது நான் அக்காவின் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றேன். அவர் "சரி" என்றார். ஒரே ஒரு வார்த்தை. எதற்கும் அரை மணி நேரம் பேசுகிறவர் ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் நம்ப முடியுமா? அதன் பிறகு ஐந்து வருடம், தினமும் காலையில் பஸ்ஸில் ஏறியதும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். யாராவது என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினால் அன்றைக்கு முழுக்கத் தையல் கோணும்.

நித்யா பார்மசி படித்து வேலைக்குப் போனாள். கலவை ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பிரபு, ராணிப்பேட்டையில் வேலை. ஜாதகமும் போட்டோவும் கைமாறின. பெண் பார்க்க வருவதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எல்லா ஊரிலும் உண்டு. நம் பக்கத்தில் அம்மாக்காரி கம்பெனிக்குப் போகிறவள் என்றால் கம்பெனி பஸ்ஸில் விசாரித்துவிடுவார்கள். வீட்டுப் பக்கத்தில் இருப்பவர்கள் பயந்து நல்லதாகச் சொல்வார்கள், பஸ்ஸில் வருகிறவர்கள் உள்ளதைச் சொல்வார்கள் என்று ஒரு கணக்கு. அப்படித்தான் ஒரு சாயங்காலம், ஷிப்ட் விட்டு பஸ் கிளம்பும் நேரத்தில், யாரோ ஒருவரின் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு ஓர் அம்மா ஏறினார். குடும்ப போட்டோவில் பார்த்த முகம். பிரபுவின் அம்மா சரோஜா.

நான் புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரி ஜன்னலில் சாய்ந்தேன். அன்று அக்கா எனக்கு முன் சீட்டில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில்தான் இடம் காலி. சரோஜாம்மா அங்கேயே உட்கார்ந்து, இரண்டு நிமிடம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, உங்கள் லைனில் சாந்தி என்று ஒருத்தர் இருக்கிறாராமே, தெரியுமா என்று ஆரம்பித்தார். நான் தலைப்பை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சாந்தியா, நல்லாத் தெரியுமே" என்றார் அக்கா. "எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப அவதான் கஞ்சி கொண்டாந்து குடுத்தா." அவ்வளவுதான். கஞ்சியிலிருந்து கர்ப்பப்பைக்குப் போனார். கர்ப்பப்பையிலிருந்து மயக்க ஊசிக்கும், அங்கிருந்து மூலத்துக்கும், மூலத்திலிருந்து வெளிநாட்டு ஆடிட்டுக்கும் போனார். சரோஜாம்மா நடுவில் பெண்ணைப் பற்றிக் கேட்டால், பெண் என்றதும் தனக்குத் தன் பெண்ணின் பிரசவம் ஞாபகம் வருகிறது, அன்றைக்குத் தான் மயங்கி விழுந்து டாக்டர் தன்னைத்தான் முதலில் பார்த்தார் என்று சொன்னார். கட்டுப்பல்லைக் கழற்றிக் காட்டினார். பஸ் பாதி தூரம் போவதற்குள் சரோஜாம்மாவுக்கு ரோஸ்லின் அக்காவின் உடம்பில் தெரியாத பாகமில்லை. எங்களைப் பற்றித் தெரிந்தது நான் கஞ்சி வைப்பேன் என்பது மட்டும்தான். தலைப்புக்குள் எனக்குப் பயத்தில் வந்த வியர்வையும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இத்தனை வருடம் இந்த மனுஷி பேசிக்கொண்டே எத்தனை பேரை மறைத்து வைத்திருக்கிறாள் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஆனால் சரோஜாம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. இறங்கப் போகும்போது நேராகவே கேட்டுவிட்டார். பொண்ணுக்கு ஏதாவது குறை உண்டா, உங்களுக்குத் தெரிந்து?

அக்கா கட்டுப்பல்லை நாக்கால் சரிசெய்துகொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் அதைச் சொல்லவில்லை. "ஒரு வடுவும் இல்லாத தோல நான் என் செக்கிங் டேபிள்ல பாத்ததே கெடையாது. பொண்ணப் பத்தி என்னக் கேக்காதீங்க, பொண்ணையே கேளுங்க. நல்ல பொண்ணு, பொய் சொல்லாது" என்றார். சரோஜாம்மா தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் அக்காவைச் சும்மா விடவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். ஒரு இல்லை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா, ஊர்ப்பட்ட கதையெல்லாம் வருகிறதே என்றேன். அக்கா கோபப்படவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லத்தானே வேண்டும் என்றார். அப்படியானால் நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நான் எப்படி சொல்றது சாந்தி? என்னுது இன்னா இருக்குதோ அத நான் சொல்லுவேன். இது என்னுது இல்ல. இன்னொண்ணு சொல்றேன், கோச்சிக்காத. உன்னுதும் இல்ல. அது நித்யா முதுகு. மறைக்கிறதுக்கும் நீ யாரு, சொல்றதுக்கும் நீ யாரு? கூட வாழப் போறவனுக்குத் தெரியணும். அத அவ சொல்லட்டும். வந்து காப்பி குடிச்சிட்டுப் போறவங்களுக்கெல்லாம் எதுக்கு?"

ஒன்பது நாள் நான் அக்காவோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். ஏன் என்று நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள், அவரிடமும் கேட்டீர்கள். என் புடவை நிறம் நன்றாயில்லை என்று தான் சொன்னதில் எனக்குக் கோபம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கா சொல்லி நான் கேள்விப்பட்ட ஒரே பொய் அதுதான்.

பத்தாம் நாள் நான் நித்யாவிடம் கேட்டேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "நீங்களும் அப்பாவும் பேசிக்கிறதெல்லாம் எனக்குக் கேக்கும்மா. நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

அதனால் வீட்டில் பெண் பார்க்கும் சடங்கு வேண்டாம், சோளிங்கர் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. பெரிய மலை, ஆயிரத்துச் சொச்சம் படி. எனக்கும் சரோஜாம்மாவுக்கும் முழங்கால் ஒத்துழைக்காது, நாங்கள் அடிவாரத்திலேயே இருந்துவிட்டோம். நித்யாவும் பிரபுவும் ஏற, கூட வந்த சொந்தக்காரர்கள், பேச்சு காதில் விழாத தூரத்தில் பின்னால் போனார்கள். பூஜைத் தட்டு விற்கும் கடை நிழலில் நானும் சரோஜாம்மாவும் மட்டும். மேலே என் பெண்ணின் வாழ்க்கை ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது.

சரோஜாம்மா சுற்றி வளைக்கவில்லை. உங்கள் கம்பெனி பஸ்ஸில் ஓர் அம்மா, பொண்ணையே கேளுங்கள் என்றார், அது என்ன விஷயம் என்று கேட்டார். பழைய சாந்தியாக இருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். பயந்த சாந்தியாக இருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். "அத அவ உங்க பையன்கிட்ட சொல்லிக்கினு இருக்கா. என்னப் பத்திக் கேளுங்க, நான் சொல்றேன்" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

அவர் கேட்கவே இல்லை, நானாக ஆரம்பித்தேன். பத்தாவது இரண்டு தடவை எழுதியதைச் சொன்னேன். எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி என்பதையும், ஆனாலும் வீட்டுக்குத் தெரியாமல் கம்பெனி வாசலில் மைசூர்பாகு வாங்கித் தின்பதையும் சொன்னேன். அன்றைக்கு பஸ்ஸில் அவருக்குப் பின் சீட்டில் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கியது நான்தான் என்று சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் ஆரம்பித்தார். அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. என்னைப் பற்றிப் பேசுவது இத்தனை இலேசான காரியம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. உண்மையில் ஒருவர் தினமும் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இருவரும் வியர்த்து விறுவிறுக்க இறங்கி வந்தார்கள். நித்யாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பியது. குரங்கு பிரபுவின் கையிலிருந்த பொரியைப் பிடுங்கிக்கொண்டு போன கதையைத்தான் முதலில் சொன்னாள். அந்த விஷயத்தை எப்போது சொன்னாய் என்று தனியாகக் கேட்டேன். பாதி மலையில், மண்டபத்தில் உட்கார்ந்தபோது என்றாள். அவன் என்ன சொன்னான் என்றேன். வலிக்குமா என்று கேட்டானாம். வலிக்காது என்றதும், அப்புறம் என்ன என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினானாம்.

அன்று சாயங்காலமே, நித்யாவைக் கேட்டுக்கொண்டு, பிரபு தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் சரோஜாம்மா எனக்குப் போன் செய்தார். "நீங்க நேத்து மலையடில சொல்லியிருந்தா, வேணாம்னு எழுந்து போயிருப்பேன். என் புள்ள வாயால கேட்டதால கேட்டுக்கினேன். தேதி பாக்கலாம்" என்றார். அவர் அத்தனை வெளிப்படையாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. உடனே ரோஸ்லின் அக்கா வீட்டுக்கு ஓடினேன். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் தன் புது மூக்குக்கண்ணாடியால் காது புண்ணானதைக் காட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் சரோஜாம்மாவும் அவரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசியதில், மூன்றாவது பந்திக்காரர்கள் நின்றுகொண்டே காத்திருந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும்.

அடக்கம் முடிந்து நாம் நம் பஸ்ஸிலேயே திரும்பினோம். விஜயாதான் முதலில், "என் விஷயம் ஒண்ணு அக்காவுக்குத் தெரியும்" என்றாள். என்ன என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொருத்தி, எனக்கும் ஒன்று இருந்தது என்றாள். பிறகு வரிசையாக ஒவ்வொருவராகச் சொன்னோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, எனக்கும் ஒண்ணு இருக்குதும்மா என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. வாய் ஓயாத மனுஷி ஒருத்தரிடம் நாம் அத்தனை பேரும் ஆளுக்கொரு ரகசியத்தை நம்பிக் கொடுத்து வைத்திருந்திருக்கிறோம், ஒன்றுகூட வெளியே வரவில்லை. எனக்கு அவரைப் பற்றிப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

இதை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் நித்யாவிடம் கொடுத்தேன். இதில் பாதி அவளுடையது, ஒரு வார்த்தை வேண்டாம் என்றாலும் கிழித்துப் போட்டிருப்பேன். இப்போது கையிலும் இரண்டு திட்டு வந்திருக்கிறது, அரைக்கை ரவிக்கையில்தான் வேலைக்குப் போகிறாள், எழுதுங்கள் என்றாள். சரோஜாம்மாவிடமும் பிரபுவிடமும் அவளே வாசித்துக் காட்டினாள். பிறகு பேனாவை எடுத்து ஓர் இடத்தில் மூன்று வரியை அடித்தாள். "இது எங்க ரெண்டு பேரோடது, வேணாம்மா" என்றாள். எனக்கு இந்தக் கட்டுரையிலேயே பிடித்த வரிகள் அவைதான். எடுத்துவிட்டேன்.

ரோஸ்லின் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது, போய்ச் சேரும்வரை சொல்கிறேன். அந்த மூன்று வரியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நித்யாவைக் கேளுங்கள்.